வண்டி பழுது

“டாக்டரம்மாவுக்குத் தூக்கம் வருதாம்! அதனால ஆபரேஷன் இன்னைக்குக் கிடையாதாம்! எப்படி இருக்கு கதை?”

கட்டம் போட்ட சட்டைக்காரர் போட்ட சத்தத்தில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாப்பாட்டுக் கேரியரோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த பெரியவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். அந்த டாக்டரம்மா அவருடைய ஒரே மகள். நேற்றுக் காலையில் வேலைக்கு வந்தவள் இன்னும் வீடு திரும்பவில்லை. “சாப்பிட்டாளா இல்லையான்னு கண்ணால பார்த்துட்டு வாங்க” என்று மனைவி துரத்திவிட்டிருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, மகள் டாக்டரானதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவியதே இல்லை. வாட்ச்மேன், லிஃப்ட்காரர், மருந்துக்கு வரிசையில் நிற்பவர், யார் கிடைத்தாலும் சரி, “நான் டாக்டரோட அப்பா” என்று பிடித்துக்கொள்வார். பிடித்தால் லேசில் விடமாட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவருக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்?

இன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. ஓசைப்படாமல் போய்த் தூண் மறைவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

இருக்கிற இடமெல்லாம் விட்டுவிட்டு, சட்டைக்காரர் நேரே அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

“நீங்களே சொல்லுங்க பெரியவரே. என் சம்சாரத்துக்குப் பித்தப்பையில கல்லு. நேத்து ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம கிடக்கா. இந்தம்மா கடைசி நேரத்துல கையை விரிக்குது. நியாயமா?”

“நியாயம்... இல்லதான்.”

“என்ன வளர்ப்பு இது? பெத்தவங்களைச் சொல்லணும்!”

எதிர் வரிசையில் ஓர் அம்மாள், “நல்லாச் சொன்னீங்க” என்று தலையாட்டினாள்.

பெரியவரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பதற்றம் வந்தால் இல்லாத பிரேக்கை மிதிப்பது அவர் பழக்கம்.

“ஆமா, நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க?”

“நானா? தெரிஞ்சவங்க ஒருத்தர்... சாப்பாடு குடுக்கணும்.”

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. பெற்ற பெண்ணை யாரோ ஒருத்தி ஆக்கிவிட்டாரே! கேரியரை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

கதவு திறந்தது. மகள் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, முகம் வாடிக் கிடந்தது. தூணுக்குப் பின்னால் இருந்த அப்பாவை அவள் கவனிக்கவில்லை.

சட்டைக்காரர் விருட்டென்று எழுந்தார்.

“உங்க கோபம் நியாயம் சார்” என்றாள் அவள். “உங்க மனைவிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வர்றேன். இப்போதைக்கு அவங்களுக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல. சாப்பிடக் கொடுக்கச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷன் அவங்களுக்குத்தான்.”

“தூக்கம் வருதுன்னு சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லையாம்மா?”

“ராத்திரி பூரா விபத்துக் கேஸ் சார். இப்ப உங்க மனைவியோட ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில எடுத்தேன். படிச்ச வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன், மண்டையில ஏற மாட்டேங்குது. இந்தக் கண்ணை நம்பி அவங்க மேல கத்தி வைக்க எனக்கு மனசு வரல.”

சட்டைக்காரரின் குரல் இறங்கியது. “மத்த டாக்டருங்களும் இப்படித்தான் சொல்றாங்களா?”

“முடியலைன்னா சொல்லலாம்னு இங்க விதியே இருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் வாயைத் திறக்கறதில்ல. நானும் இத்தனை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் ஓட்டினேன். இன்னைக்கு எனக்கு ஒரு பஸ் டிரைவர் ஞாபகம் வந்துச்சு.”

பிரேக்கை மிதித்த கால் அப்படியே நின்றது.

“மாத்து ஆள் வரலைன்னு ரெண்டு ஷிப்டையும் சேர்த்து ஓட்டிக்கிட்டு வந்தவர். கண்ணு சொருக ஆரம்பிச்சதும் நடுவழியில பஸ்ஸை ஓரங்கட்டி, சாவியை எடுத்துப் பாக்கெட்டுல போட்டுட்டார். வேற டிரைவர் வந்தாத்தான் வண்டி நகரும்னுட்டார். பஸ்ஸே சேர்ந்து அவரைத் திட்டுச்சு. குடிச்சிருக்கான்னு கூடச் சொன்னாங்க. ஆபீஸ்ல மெமோ வேற. அந்த மனுஷன் அவமானம் தாங்காம, வீட்டுல ‘வண்டி பழுது, அதான் லேட்டு’ன்னு சொல்லிட்டார். அப்புறம் கண்டக்டர் சொல்லித்தான் உண்மை தெரிஞ்சுது.”

அடப்பாவி கண்டக்டர்! யாருக்கும் தெரியாது என்றல்லவா பெரியவர் இத்தனை வருஷமும் மூடி மூடி வைத்திருந்தார்?

“அன்னைக்கு பஸ்ல இருந்த எல்லாரும் அவரைத் திட்டினாங்க சார். ஆனா எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தாங்க.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

சட்டைக்காரர் பொத்தென்று உட்கார்ந்தார்.

“சரி, காலையிலேயே நடக்கட்டும். நல்லாத் தூங்கி எழுந்து வரட்டும் அந்தம்மா” என்றார் பிறகு. “அந்த டிரைவர் பெரிய மனுஷன்தான். என்ன சொல்றீங்க?”

பெரியவர் குனிந்து கேரியரை வெளியே இழுத்தார். எழுந்து நின்றார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“பெத்தவங்களைச் சொல்லணும்னு சொன்னீங்களே தம்பி, இப்ப சொல்லுங்க. நான் டாக்டரோட அப்பா. அந்த பஸ்ஸை நிறுத்தினவனும் நான்தான்!”