கடலரசி மஹாலுக்குப் புது சாஃப்ட்வேர்

"இந்தக் கட்டம் எதுக்கு மேடம்?" என்று ஸ்கிரீனைக் காட்டிக் கேட்டார் ரெஜி. கேட்கும்போதே சிரித்துவிட்டார்.

மோகனப்ரியா சிரிக்கவில்லை. "குப்பத்துல சாவு விழுந்தா டிக் பண்றதுக்கு."

"சாவா? கல்யாண மண்டப சாஃப்ட்வேர்லயா?"

ராயபுரம் மீனவர் குப்பத்தை ஒட்டிய கடலரசி மஹாலின் ஆபீஸ் ரூம் அது. முதலாளி சாலமோன் மண்டபம், பந்தல், லைட்டு, சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரே கையில் எடுத்து நடத்துபவர். மூன்று வருடமாக அத்தனை புக்கிங்கும் ப்ரியா எழுதிய சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. இப்போது அதை ஓரங்கட்டிவிட்டு, கிண்டியிலிருந்து ஒரு கம்பெனியை வரவழைத்திருக்கிறார். ரெஜி அந்தக் கம்பெனியின் ஆள்.

"குப்பத்துல ஒரு சாவுன்னா அன்னைக்கு எந்த போட்டும் கடல்ல இறங்காது. அந்த வாரம் எந்த வீட்லயும் மேளம் கொட்ட மாட்டாங்க" என்றாள் ப்ரியா. "விசேஷம் தள்ளிப்போகும். இதை டிக் பண்ணா, அடுத்து காலியா இருக்கிற தேதிக்கு அதுவே மாத்திடும். கட்டின அட்வான்ஸும் கூடவே போகும்."

"அதான் தப்பு" என்றார் சாலமோன். "எவன் செத்தாலும் என் மண்டபம் காலியா கெடக்குது. வெளிய சொன்னா சிரிப்பாங்க. உனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். இனிமே படிச்ச ஆளுங்க பாத்துக்குவாங்க."

வீட்டில் முதன்முதலில் டிகிரி வாங்கியவள் ப்ரியா. மாதா மாதம் தவறாமல் வருவதும் அவள் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நானும் படிச்ச ஆளுதான் சார். எதுல குறைன்னு சொல்லுங்க. ஒரே தேதியை ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கேனா? சேர் கணக்கு தப்பியிருக்கா?"

"தோ பார்றா, எதிர்த்துப் பேசுது."

"கேள்விதான் சார் கேக்கறேன்."

ரெஜி இடையில் புகுந்தார். "சார், அந்த டிக் வேணும்னா எங்களுதுலயும் வச்சிடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"வோணாம்" என்றார் சாலமோன் அவசரமாக. "உங்களுது எப்படிக் கீதோ அப்படியே இருக்கட்டும்."

ப்ரியாவுக்குப் புரியவில்லை. சும்மா வருவதை ஏன் வேண்டாம் என்கிறார்?

அந்த நேரம் பார்த்து தண்டபாணி உள்ளே வந்தார். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"சாலமோனு, காத்தால எங்க பக்கத்து வூட்டுப் பெரியவர் பூட்டாரு. தேதிய ஒரு வாரம் தள்ளிக் குடு. மீன்பிடி தடைக்காலம் முடியறதுக்குள்ள நடத்தியாவணும். அப்பால மாப்ள கடலுக்குப் பூடுவான், கைல சிக்க மாட்டான்."

சாலமோன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அடடா, தங்கமான மனுசன் அவரு, மாமு." பிறகு ரெஜியிடம், "தம்பி, மாமுவுக்குத் தேதி மாத்திக் குடு" என்றார்.

பழைய புக்கிங் எல்லாம் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த தன் சாஃப்ட்வேரில் ரெஜி தட்டினார். சிவப்பாக ஒரு வரி வந்தது. தேதியை மாற்ற இயலாது, ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதியவும்.

சாலமோன் லேப்டாப்பைத் தண்டபாணி பக்கம் திருப்பினார். "பாத்தியா மாமு? நான் குட்த்துடுவேன். இந்தக் கம்ப்யூட்டரு உட மாட்டேங்குது. கிண்டிக்காரன் போட்டது, என் கைல இன்னா கீது?"

"ரத்து பண்ணா?"

"அட்வான்ஸ் பூடும். புதுசா வரிசைல நிக்கணும். ஆவணிக்குத்தான் கெடைக்கும்."

தண்டபாணி துண்டால் முகத்தைத் துடைத்தார். "உன்னியச் சொல்லி இன்னா பிரயோஜனம். நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"மாமா, நில்லுங்க." ப்ரியா எழுந்துவிட்டாள்.

"ப்ரியா, குந்து."

"குந்த மாட்டேன் சார்." தண்டபாணி பக்கம் திரும்பினாள். "கம்ப்யூட்டர் தானா எதுவும் சொல்லாது மாமா. நாம சொல்லிக் குடுக்கறதைத்தான் சொல்லும். முடியுமா முடியாதான்னு இந்தக் கம்பெனி ஆளையே கேளுங்க. என் வேலை போனாலும் போவுது, கேட்டுட்டுப் போங்க."

தண்டபாணி ரெஜியைப் பார்த்தார்.

ரெஜி சாலமோனைப் பார்த்தார். மேஜையில் ஒப்பந்தம் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. சாலமோன் தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று.

ரெஜி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அஞ்சு நிமிஷம் உக்காருங்க ஐயா."

ஐந்து நிமிடம் கீபோர்டில் தட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"அடுத்த ஞாயிறு காலியா இருக்கு. மாத்திட்டேன்."

சாலமோன் ஒரு வினாடிதான் திகைத்தார். அடுத்த வினாடி சிரித்தபடி தண்டபாணியின் தோளில் கை போட்டார். "உனுக்குன்னா ஆவாமப் போவுமா மாமு? நான் இருக்கச்சொல்ல நீ ஏன் பேஜாராவுற?" கேட் வரை கூடவே நடந்துபோய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

ப்ரியா பையை மாட்டிக்கொண்டு, போகச் சொல்வார் என்று நின்றிருந்தாள்.

சாலமோன் அவள் பக்கமே திரும்பவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து ரெஜியிடம் நீட்டினார். "இத்த எடுத்துக்கினு கெளம்பு தம்பி. உன் சாஃப்ட்வேர் எனுக்கு வோணாம். அந்தப் பொண்ணுதே ஓடட்டும்."

"ஏன் சார்? இப்ப எங்களுதும் அதே மாதிரி பண்ணுதே?"

"அதாம்பா வோணாங்கறேன். 'முடியும்'னு சொல்றதுக்கு எங்கிட்ட சொந்த ஆளே கீது. 'முடியாது'ன்னு சொல்றதுக்குத்தான் வெளியாளு தேடினேன்."