யம்மோவ்

கிளி வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைக் கூண்டுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஒரே ஒரு தடவ சொல்லச் சொல்லு தாயி. கேட்டுட்டுப் போயிருறேன்."

எதைச் சொல்ல வேண்டும் என்று கிளியை வைத்திருந்தவள் கேட்டாள்.

"யம்மோவ், கதவத் தொற. எம் மகன் சோலை சொல்றது. வேல முடிஞ்சு வந்தா, வண்டிய நிப்பாட்டுறதுக்கு முந்தியே சத்தம் குடுப்பான். இது அப்படியே புடிச்சு வச்சுக்கிருச்சு. அச்சு அசல் அவந்தான்."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"லாரியில அடிபட்டு அவன் போனப்பறமும் இது கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. நா வாசலுக்கு ஓடுவேன். அதான் எங்க வீட்டுக்காரரு இங்க கொண்டாந்து விட்டுட்டாரு. எடம் எதுன்னு இன்னைக்குத்தான் வாயத் தொறந்தாரு."



அந்த மனிதரை அவளுக்கு நினைவிருந்தது. வேண்டாம் என்று விடப்படுகிற கிளிகளை அவள் வாங்கித் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறாள் என்று யாரோ சொல்லி வந்தவர். சத்தம் தாங்கவில்லை என்றார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளியின் பெயர் கேட்டதற்கு, கிளிக்கெல்லாம் என்ன பேரு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரக்கமில்லாத ஆள் என்று அவள் அப்போதே முடிவுகட்டிவிட்டாள்.

பாவி மனுஷன். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. வந்தபோது அதன் நெஞ்சில் ஓர் இறகுகூட இல்லை. தானே பிடுங்கிப் போட்டிருந்தது. கறிக்கடையில் தொங்குகிற கோழி மாதிரி இருந்தது. சாயங்காலமானால் கத்தும். யம்மோவ். கதவத் தொற. யம்மோவ். மேல்வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். வாயில்லா ஜீவன் என்பார்கள். இதற்கு வாய்தான் வினை.

கத்துகிற கிளியை அதட்டக் கூடாது. அதட்டினால் அதுவும் ஒரு பதில்தான். திரும்பியே பார்க்காமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். அடங்கி, மெதுவாக வேறு எதையாவது சொல்லும்போது ஓடி வந்து கடலை கொடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் எந்தச் சொல்லையும் மறக்கடித்துவிடலாம். அவளுக்கு அது கைவந்த வேலை.

அது யம்மோவ் என்று கூப்பிட்டபோதெல்லாம் அவள் எழுந்து போனாள்.

ஒவ்வொரு முறையும்.

மழைக்காலம் முடிவதற்குள் சத்தம் நின்றது. இறகும் முளைத்தது. குட்டா என்று பெயர் வைத்து, வீடியோ எடுத்து, கிளி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"மந்திரி," என்றார் அந்த அம்மா. "ஏய் மந்திரி. அம்மா வந்துருக்கேன்டா."

கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது.

சொல்லிவிடு, என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். சொல்லிவிடு, உன் காலைப் பிடிக்கிறேன்.

"குட்டா சாப்ட்டானா?" என்றது கிளி. "சமத்து. சமத்துப் பையன்."

அவளுடைய குரல். அவள் இழுக்கிற அதே இழுப்பு.

தன் குரலைக் கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த அம்மா எழுந்து கூண்டுக்குப் பக்கத்தில் போனார். கம்பிக்குள் உற்றுப் பார்த்தார். நெஞ்சு நிறைய அடர்ந்திருந்த சாம்பல் இறகுகளை வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க மந்திரி இல்ல."

அவள் கிளியைப் பார்த்தாள்.

"எங்களுதுக்கு நெஞ்சுல முடியே கெடையாது தாயி. வாங்குனதுல இருந்தே அப்படித்தான். மொட்ட மந்திரின்னுதான் அவன் கூப்பிடுவான். இது வேற." அவர் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை. "அத என்ன பண்ணுன? யாருக்கும் குடுத்துட்டியா?"

உண்மையைச் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். இதுதான்மா அது. நான்தான் மறக்கடித்தேன். இனிமேல் வராது.

வேறு ஏதோ வந்தது.

"பறந்துருச்சும்மா. கூண்டத் தொடைக்கிறப்ப. ஜன்னல் வழியா."

அவள் கையிலிருந்து ஒரு கிளியும் தப்பிப் போனதில்லை. அப்படிச் சொல்வது கேவலம். சொல்லிவிட்டு, அடிக்கட்டும் என்று நின்றாள்.

அந்த அம்மா அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. ஜன்னலுக்குப் போனார். எதிரே மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், கேபிள் வயர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எங்கிட்டுப் போச்சு?"

அவள் கையை நீட்டினாள். எந்தத் திசையில் நீட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அங்கிட்டுத்தான தாயி எங்க வீடு."

அந்த அம்மா பையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போதே கால் படிக்குப் போய்விட்டது.

"ஆட்டோ புடிச்சுத் தர்றேம்மா, கொஞ்சம் உக்காருங்க," என்றாள் அவள்.

"உக்கார நேரமில்ல," என்றார் அந்த அம்மா. "வீடு பூட்டிக் கெடக்கு."