வெறும் வயிற்றில்

அவன் எழுந்தான், பல் தேய்த்தான், முகம் கழுவினான். மாமியாருக்கான தைராய்டு மாத்திரையும் தண்ணீருமாகச் சமையலறைக்கு வந்தான். அவள் முந்திக்கொண்டிருந்தாள். ஒரு கையில் ஆவி பறக்கும் காபி, மறு கையில் கால்சியம் மாத்திரை.

“அத்தை, முதல்ல இதை வெறும் வயித்துல போடணும். கால்சியம் நாலு மணி நேரம் கழிச்சுத்தான். டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே!”

“எல்லாம் ஒரே வயித்துக்குத்தானே போகுது? உள்ளே போய்ச் சண்டையா போடப்போகுது?”

“சண்டைதான் போடுது. கால்சியம் இதை உடம்புல சேரவிடாது. டோஸை ஏத்தியும் ரிப்போர்ட் மோசமாகிட்டே வருது. நாலு படி ஏறினா உங்களுக்கு மூச்சு வாங்குது.”

“வாங்கட்டும். பெத்த பொண்ணே போய்ச் சேர்ந்துட்டா. நான் இருந்து என்னத்தைக் கிழிக்கப்போறேன்?”

அவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தினமும் இதே கூத்து. இத்தனை நாள் சொல்லாததை அன்று சொல்லிவிட்டான்.

“ஆஸ்பத்திரியில உங்க பொண்ணு கடைசியா என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? ‘அம்மாவைக் கூடவே வச்சுக்கோங்க, மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்க’ன்னா.”

அத்தை காபியைக் கீழே வைத்தாள். கையை நீட்டி அவன் தந்த மாத்திரையை வாங்கி விழுங்கினாள்.

“அவ சொன்னாளேன்னு போடறேன், மாப்பிள்ளை. உங்களுக்காக இல்ல.”

அவன் தலையாட்டினான். மனைவி உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“எங்கம்மாவோட மல்லுக்கட்ட உங்களால முடியாதுங்க. அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுங்க.”