முகம் மட்டும்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து பசறைக்கு வந்த வேலாயி, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த மகனின் போட்டோவை எடுத்து, பிரேம் கடை புவாத்திடம் நீட்டினாள்.

நீலச் சீருடையில் ஒருவன் விமானத்தருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒங்கட மகன் ஏர்போர்ஸா!"

"ஆமாங்க மொதலாளி. கீழ இன்ஜின் ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தான். மறுபடி படிக்க வச்சாங்களாம், இப்ப ப்ளைட் இன்ஜினியரா பாஸ் பண்ணிட்டான். இனிமே மேல பறந்துக்கிட்டே இன்ஜின பாக்கணுமாம்."

"மாஷா அல்லாஹ்! பெரிய பிரேமாப் போடுறேன். எண்பத்திமூணு மாதிரி ஒங்கட லயத்து வீட்டக் கொளுத்த எவனும் வந்தா, இந்த யூனிபோர்மப் பாத்துட்டு சல்யூட் அடிச்சிட்டுப் போவான்."

"வேணாங்க. சட்டை தெரியக்கூடாது. மொகத்த மட்டும் வெட்டிக் குடுங்க."

புவாத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா பேசுறீங்க? நேத்து நம்மளக் கேக்காமலே இந்தியா ப்ளேன் வந்து யாழ்ப்பாணத்துல சாமான் போட்டுட்டுப் போயிருக்கு. ரோட்டுல சனம் கொதிக்குது. அவனுகள வெரட்ட ஒங்கட மகன் மாதிரி ஆளுதான் வேணும்!"

வேலாயி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தியாக்காரன்னு கவர்மெண்டுல எழுதி, பதினஞ்சு வருஷத்துக்கு முன்ன தலைமன்னார்ல அந்தப் பக்கம் கப்பலேத்தி விட்ட புள்ளதாங்க இவன்."

புவாத் போட்டோவை மறுபடியும் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்தார்.

"நேத்து வந்த ப்ளேன்ல இவனும் இருந்திருப்பான்" என்றாள் வேலாயி. "அங்கேருந்து எட்டிப் பாத்தா மடுல்சீமை தெரியுமாங்க, மொதலாளி?"