உதைக்கிற மாடு

"ஐயோ, உதைச்சுடுச்சு!"

தொழுவத்துக்குள் ஓர் அலறல். அடுத்த நொடி பண்ணையம்மா பால் வாளியோடு வெளியே வந்து, சாணியில் தொப்பென்று விழுந்தார்.

மகளைப் பார்க்கக் கேட்டைத் திறந்து அப்போதுதான் உள்ளே வந்த அப்பா பதறிப்போனார். விழுந்தவரைத் தூக்கிவிட ஓடினார். அதற்குள் அதைவிடப் பெரிய அதிர்ச்சி.

அவருடைய மகள், உருண்டு கிடந்த வாளியை எடுத்துக் கழுவிக்கொண்டு, அந்த மாட்டின் வயிற்றடியிலேயே போய்க் குந்தி உட்கார்ந்தாள்!

"கண்ணு! எழுந்திரு! அது கிட்டப் போகாதே!"

"கத்தாதீங்கப்பா. சண்டி மிரளுது."

சண்டியாம். பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா, அது எப்பேர்ப்பட்ட மாடு என்று?

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பதினாறு வயது மகளை அடுப்புப் பற்றவைக்க விட்டதில்லை, தெருமுனைக் கடைக்குத் தனியாக அனுப்பியதில்லை. அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பெண் திடீரென்று பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். அப்புறம் பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டையும் நிறுத்தப் பார்த்தாள்.

"நான் இல்லாட்டி யாருக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாளே, அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று.

டாக்டர்தான் இந்தப் பண்ணையைச் சொன்னார். மனசு சோர்ந்துபோன பிள்ளைகள் ஆடு மாடுகளோடு கொஞ்ச காலம் தங்கி வேலை செய்கிற இடம். நம்பி அனுப்பினால் இப்படியா?

பண்ணையம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நல்ல கனத்த உடம்பு.

"என்னம்மா இது அநியாயம்? உங்களையே தூக்கி எறியற மாட்டுக்கிட்ட என் பொண்ணை விடுறீங்க?"

"என்ன சார் பண்றது? சண்டி எங்க யாரையும் கிட்டச் சேர்க்காது. உங்க பொண்ணு ஒருத்திக்குத்தான் அடங்கும்."

"அப்படிப்பட்ட மாட்டை வித்துத் தொலைங்க! நான் இப்பவே இவளைக் கூட்டிட்டுப் போறேன். அம்மாடி, போய்ப் பெட்டியை எடு!"

மகள் காம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் வந்துட்டா இதை யாருப்பா கறப்பாங்க? கறக்காம விட்டா மடி கட்டிக்கும். பாவம், வலி தாங்காது."

அவள் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை கேட்டு எத்தனை மாதம்! அப்பா ஒரு கணம் அசந்துதான் போனார். ஆனாலும் பிரேக் மிதித்த கால் பழக்கம் விடுமா?

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கறந்து முடி. கிளம்பணும்."

மகள் கறந்து முடித்து, நுரை ததும்பும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் அறைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் பண்ணையம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நேராகச் சண்டியிடம் போனார்.

"வேண்டாம்மா! மறுபடியும் உதைச்சுடப் போகுது!"

பண்ணையம்மா வாலைப் பிடித்து இழுத்தார். பின்னங்காலைத் தட்டி நகர்த்தினார். குனிந்து, மிச்சமிருந்த பாலையும் இரண்டு இழுப்பு இழுத்துக் கறந்தார். சண்டி பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

அப்பாவுக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"இந்தப் பண்ணையிலேயே பரம சாது சார் இது. பேரு மட்டும்தான் சண்டி, அதுவும் நான் வச்சது. உங்க பொண்ணு வந்த புதுசுல படுக்கையை விட்டே எழுந்திரிக்கலை. அவ இல்லாட்டி நடக்காதுன்னு ஒரு வேலையாவது இருந்தா எழுந்திரிப்பாளோன்னு தோணுச்சு."

"அப்ப நீங்க விழுந்தது?"

"நானேதான் விழறேன். அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாதில்ல? என்ன, இந்த இடுப்புதான் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்குது."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுடுங்கம்மா. அவ இங்கேயே இருக்கட்டும்."

"ஆனா அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க சார். தெரிஞ்சுதுன்னா மறுபடியும் படுத்துடுவா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா பால் அறைக்குப் போனார். முகத்தில் முடிந்த மட்டும் பயத்தை வரவழைத்துக்கொண்டார்.

"சரி கண்ணு, நீ இங்கேயே இரு. யப்பா, என்ன முரட்டு மாடு! உன்னை விட்டா அதுக்கு யாரு இருக்கா?"

மகள் பாலை வடிகட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"உங்ககிட்டச் சொல்லிட்டாங்களா?"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எ... எதை?"

"சண்டி உதைக்காதுன்னு. எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்ப்பா. ரெண்டு நாள் கறந்தேன். அப்புறம் பிடிக்கலை. காய்ச்சல்னு பொய் சொல்லிப் படுத்துட்டேன். ஜன்னல் வழியாப் பார்த்தா, அவங்களே உட்கார்ந்து சுகமாக் கறந்துட்டிருக்காங்க. கறந்த பாலை ஒளிச்சு வச்சுட்டு எங்கிட்ட வந்து, 'நீ இல்லாம ஒரு சொட்டுக்கூட விடலைம்மா'ன்னு அழாத குறையாச் சொல்றாங்க!"

"தெரிஞ்சுமா தினம் போய்க் கறக்கறே?"

"எனக்காக ஒருத்தங்க சாணியில விழுந்து எழுந்திரிக்கிறாங்களேப்பா. அதுக்கப்புறம் எப்படிப் படுத்தே கிடக்கிறது?"

வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவின் காதருகே வந்தாள்.

"நீங்க போய் உளறி வச்சுடாதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், அவங்க மனசு தாங்காது."