பல்லி பிடித்த வீடு

பூச்சி பிடிக்கும் வேலைக்காகப் பட்டணம் வந்த பல்லி, குடியிருக்கச் சுவர் தேடி அலைந்தது. வந்த நாளாக அதனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வீட்டுத் தரகர் கரப்பான் எட்ட நின்றே பேசியது. "இந்த ஓட்டல் சுவரை எடுத்துக்குங்க சார். இருக்கிற வெளிச்சத்துக்குப் பூச்சி தானா வந்து வாயில விழும்."

"எதிர்வீடு?"

"அங்கயா? கொசுகூட அண்டாது. பட்டினிதான்!"

ஆனாலும் பல்லி எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு அம்மா விளக்கேற்றிக்கொண்டே, "முருகா, எம்பொண்ணு இந்த மாசமாவது வருவாளா?" என்றாள்.

தன்னையே கேட்டதுபோல் இருந்தது பல்லிக்கு. "ச்சு ச்சு" என்றது.

அம்மா தரையை மூன்று தரம் தட்டி, அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "நீ சொன்னா சரிதாம்ப்பா."

"தரகரே, ஓட்டலுக்கு வேற ஆளைப் பாருங்க," என்ற பல்லி, வெறும் வயிற்றோடு சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது.