ஆறு படுக்கை வண்டி

சைகோனில் கான் ஹொய் பாலத்தடிப் பட்டறையில் நிற்கும் வெள்ளை வேனுக்குள் ஏறி அக்காள் ஜுனைதா உட்கார்ந்து பார்க்கிறாள். ஆறு படுக்கை. மெத்தையை அமுக்குகிறாள், மடக்கு அடுப்பைத் திறந்து மூடுகிறாள். நீலத் திரை வழியே வரும் வெயிலில் வளையல்கள் மினுங்குகின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சபூராவுக்கு வயிறு எரிகிறது. கண்ட சட்டியில் ஆக்கியதைத் தின்னாமல், நம் அடுப்பில் சமைத்துக்கொண்டே கடற்கரை கடற்கரையாகப் போகலாம் என்று இந்த வேன் ஆசையை முதலில் சொன்னவளே சபூராதான். சைகோனுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் அவளுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர். போன வருடம் காரைக்காலிலிருந்து வந்த அக்காளுக்கு வேன். பட்டறைக்காரர் கூரையைத் தட்டிக் காட்டி, எந்த மழைக்கும் ஒழுகாது என்று வியட்நாமிய மொழியில் சொல்கிறார். அக்காளுக்கு அந்த மொழி தெரியாது.

“என்னடி சொல்றாரு?”

“மழ பேஞ்சா ஒழுகுமாம் லாத்தா.”

ஜுனைதாவின் முகம் வாடுகிறது. “அப்ப பக்கத்துல நிக்கிற அந்த நாலு படுக்க வண்டியே போதும். எங்களுக்கு அது காணும். நீயும் ஒம் மாப்பிள்ளையும் கூட வரணுமேன்னுதான் இதப் பாத்தேன்.”

பட்டறைக்காரர் தாம் சொன்னதை மெய்ப்பிக்க ரப்பர் குழாயை இழுத்து வந்து கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். அடைமழை போலச் சத்தம். அக்காள் உள்ளங்கையை நீட்டிக் காத்திருக்கிறாள். கை காய்ந்தே இருக்கிறது. ஒரு சொட்டாவது விழாதா என்று சபூரா கூரையையே அண்ணாந்து பார்க்கிறாள்.